கேமிங் கணினிக்குப் பிராசசர்: எவ்வளவு செலவு செய்தால் போதும்?

புதிதாக ஒரு கேமிங் கணினி பொருத்தப் போகிறீர்கள். திரை 1080பி, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்). கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது ஆர்எக்ஸ் 7600 போன்ற நடுத்தர வகை. எட்டு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) இல்லாமல் இனி கேம் ஓடாது என்கிறார் ஒருவர். ஆறு போதும் என்கிறார் இன்னொருவர். ஐ7 வாங்கினால்தான் ஐந்தாண்டுக்குக் கவலையில்லை என்று மூன்றாமவர் அடித்துச் சொல்கிறார். கொடுக்கிற பணத்துக்கு முழுப் பயன் தரும் பிராசசர் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை), 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) உள்ள ஏஎம்டி ரைசன் ஒன்று உங்களுக்குப் போதும். ஏஎம்டியின் புதிய தளமான ஏஎம்5-இல் என்றால் ரைசன் 5 7500எஃப் அல்லது 7600. கையில் இருப்பது குறைவு என்றால் ரைசன் 5 5600. இன்டெல்தான் வேண்டும் என்றால் கோர் ஐ5-12400எஃப். இதற்கு மேல் பிராசசருக்குப் போகும் ஒவ்வொரு காசும், நீங்கள் சொன்ன கார்டோடும் திரையோடும் பார்த்தால், கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போயிருக்க வேண்டிய காசு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே விரிவாக எழுதுகிறேன். காரணம் புரிந்துவிட்டால் அடுத்த ஆண்டு வேறு பெயரில் வேறு பிராசசர் வந்தாலும் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

கேம் ஓடும்போது பிராசசர் கணக்குப்பிள்ளை, கிராஃபிக்ஸ் கார்டு ஓவியர். எதிரி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு எங்கே போய்ப் பட்டது, சுவர் இடிந்தால் கற்கள் எப்படிச் சிதறும், எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சீட்டு எழுதித் தருவது பிராசசர். அந்தச் சீட்டைப் பார்த்து வண்ணம் தீட்டுவது கார்டு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், ஒரு சீட்டு. கணக்குப்பிள்ளை நொடிக்கு 150 சீட்டு எழுதுகிறார், ஓவியரால் நொடிக்கு 90 படம்தான் முடிகிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது 90. அப்போது நொடிக்கு 250 சீட்டு எழுதும் கணக்குப்பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைத்தாலும் 90 படம்தான். சீட்டுகள் தேங்குமே தவிர ஓவியரின் கை வேகமாக ஓடாது.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு ஃபிரேமைத் தயாரிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி. 144 ஹெர்ட்ஸ் என்றால் 6.9. 240 ஹெர்ட்ஸ் என்றால் 4.2 தான். ரெசல்யூஷனை (படத்தின் புள்ளி எண்ணிக்கையை) கூட்டினால் ஓவியருக்கு வேலை கூடும். கணக்குப்பிள்ளையின் வேலை பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஏனென்றால் 1080பி-யானாலும் 4கே-யானாலும் எதிரிகளின் எண்ணிக்கை மாறப்போவதில்லை. ஆக, பிராசசரை நெருக்குவது நீங்கள் எதிர்பார்க்கும் ஃபிரேம் எண்ணிக்கை. 4கே-யில் 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃபிரேம்) போதும் என்பவருக்குச் சாதாரணப் பிராசசர் போதும். 1080பி-யில் 240 எஃப்பிஎஸ் கேட்பவருக்குத்தான் விலை உயர்ந்த பிராசசர் தேவைப்படுகிறது. "பெரிய திரை வாங்கியிருக்கிறேன், அதற்குத் தக்க பெரிய பிராசசர் வேண்டும்" என்று பலர் நினைப்பது தலைகீழான கணக்கு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற, சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் அப்ஸ்கேலிங் வசதிகளைப் பயன்படுத்தினால் கேம் உள்ளே வரைவது குறைந்த ரெசல்யூஷனில்தான். 1440பி திரையில் 'குவாலிட்டி' நிலையை வைத்தால் உண்மையில் வரையப்படுவது 960பி. 4கே-யில் 'பெர்ஃபார்மன்ஸ்' நிலை என்றால் 1080பி. ஓவியரின் சுமை குறைந்து ஃபிரேம் எண்ணிக்கை ஏறும். கணக்குப்பிள்ளை அத்தனை சீட்டையும் எழுதியாக வேண்டும். ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கும் பிராசசருக்குக் கூடுதல் வேலை வைக்கிறது. அதனால் "நான் 4கே-யில் விளையாடுகிறேன், பிராசசர் எதுவானாலும் சரி" என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது.

உங்களிடம் இப்போது ஒரு பழைய கணினி இருந்தால், வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் அதிகம் விளையாடும் கேமைத் திறந்து, கூட்டம் நிறைந்த ஓர் இடத்தில் போய் நில்லுங்கள். வி-சிங்க் (ஃபிரேம் எண்ணிக்கையைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி), ஃபிரேம் வரம்பு இரண்டையும் அணைத்துவிடுங்கள். எஃப்பிஎஸ் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அதே இடத்தில் நின்றபடி ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எண் நன்றாக ஏறினால் இதுவரை இழுத்துப் பிடித்தது கிராஃபிக்ஸ் கார்டு. புதுப் பிராசசர் வாங்கினாலும் பெரிதாக எதுவும் மாறாது. எண் அசையாமல் நின்றால் குற்றவாளி பிராசசர், அல்லது அதன் ரேம்.

இந்தச் சோதனையை விட்டுவிட்டுப் பலர் டாஸ்க் மேனேஜரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். "பிராசசர் 40 சதவீதம்தான் வேலை செய்கிறது, அப்படியானால் அது தடையாக இருக்க முடியாதே" என்பார்கள். பன்னிரண்டு த்ரெட் உள்ள பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினால் மொத்தக் கணக்கில் அது ஏறத்தாழ 8 சதவீதமாகத்தான் தெரியும். பெரும்பாலான கேம்களில் ஒரு முதன்மை த்ரெட்தான் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கிறது. அது திணறினால் மற்ற பதினொன்றும் காத்திருக்கும். பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாட்டு அளவை. அது 95 சதவீதத்துக்கு மேல் நிற்கிறதா, கார்டு முழுமூச்சாக உழைக்கிறது. அது 60, 70 என்று படுத்துக் கிடந்தால் சீட்டு வந்து சேரவில்லை.

அந்த முதன்மை த்ரெட்டின் கதையிலேயே கோர் எண்ணிக்கை பற்றிய சண்டைக்கும் பதில் இருக்கிறது. ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதே முதல் கேள்வி. எத்தனை கோர் என்பது அதற்கடுத்தது. "பிளேஸ்டேஷன் 5-இலேயே எட்டு கோர் இருக்கிறதே, அப்படியிருக்க ஆறு எப்படிப் போதும்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2020-இல் வந்த அந்தக் கன்சோலில் இருப்பவை ஸென் 2 தலைமுறைக் கோர்கள், அதிகபட்சம் 3.5 ஜிகாஹெர்ட்ஸ். ரைசன் 5 7600-இல் இருப்பவை அதற்கு இரண்டு தலைமுறை பிந்தைய ஸென் 4 கோர்கள், 5.1 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும். அந்த ஆறும் இந்த வேகத்தில் செய்யும் வேலை அந்த எட்டின் வேலையைத் தாண்டிவிடும். நான்கு கோரை மட்டும் இனி நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கோர் ஐ3-12100எஃப் நல்ல சிப்தான். ஆனால் புதிய பெரிய கேம்களில் நான்கு கோரும் எட்டு த்ரெட்டும் நிரம்பிவிடுகின்றன. சராசரி எஃப்பிஎஸ் பார்க்க அழகாக இருக்கும். காட்சி மாறும் இடங்களில் திக்கித் திக்கி ஓடும். அதனால்தான் ஒப்பீடுகளைப் படிக்கும்போது சராசரியோடு நிறுத்தாமல் '1 சதவீத லோ' என்று போட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள் என்கிறேன். நூறு ஃபிரேமில் மிக மெதுவான ஒன்று எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. கண்ணுக்கு உறுத்துவது அந்த ஒன்றுதான்.

ஜிகாஹெர்ட்ஸைப் பார்த்து வாங்கும் வழக்கமும் தேவையில்லாதது. ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட மட்டுமே அது உதவும். 2013-இல் ஏஎம்டி வெளியிட்ட எஃப்எக்ஸ்-9590 5 ஜிகாஹெர்ட்ஸைத் தொட்டது. மின்சாரம் 220 வாட். அதே ஆண்டு வந்த இன்டெலின் ஐ5-4670கே 3.8 ஜிகாஹெர்ட்ஸ்தான். ஆனாலும் பல கேம்களில் அது முந்தியது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது சிப்பின் வடிவமைப்பைப் பொறுத்தது. பெட்டியில் அச்சிட்ட எண் அதைச் சொல்வதில்லை.

இனி கேஷ். விலைக்கேற்ற கேமிங் பிராசசர் தேடும் எவரும் இதைப் புரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேம் என்பது எண்ணற்ற சின்னச் சின்னத் தகவல்களை அங்குமிங்குமாகத் தேடி எடுக்கும் வேலை. இந்தப் பாத்திரத்தின் உயிர் எவ்வளவு, அந்தக் கதவு திறந்திருக்கிறதா, இந்த மரம் கண்ணுக்குத் தெரிகிறதா. தேடுவது எல்3 கேஷில் கிடைத்தால் சுமார் 10 நானோவினாடியில் கைக்கு வந்துவிடும். அங்கே இல்லையென்றால் ரேமுக்குப் போக வேண்டும். அதற்கு அதைப் போல ஏழெட்டு மடங்கு நேரம் ஆகும். அத்தனை நேரமும் கோர் கைகட்டி நிற்கும். கணக்குப்பிள்ளையின் மேசையிலேயே ஏடு இருப்பதற்கும், ஒவ்வொரு முறையும் எழுந்து பின்னறைக்குப் போய் எடுத்து வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இதற்கு அருமையான சான்று ஏஎம்டியின் சொந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ரைசன் 7 5800எக்ஸ், 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி இரண்டும் ஒரே வகை எட்டு கோர். பின்னதன் உச்ச வேகம் 4.5 ஜிகாஹெர்ட்ஸ், முன்னதைவிட 0.2 குறைவு. ஒரே வேறுபாடு, சிப்பின் மேல் இன்னொரு 64 எம்பி கேஷை அடுக்கி மொத்தம் 96 எம்பி ஆக்கியதுதான். ஓட்ட வேகத்தில் பின்தங்கிய அந்தச் சிப், 1080பி கேமிங்கில் பன்னிரண்டு கோர் 5900எக்ஸ்-ஐயே சராசரியாக 15 சதவீதம் முந்துகிறது என்று ஏஎம்டியே அறிவித்தது. கோரும் கூட்டவில்லை, வேகமும் கூட்டவில்லை. மேசையை மட்டும் பெரிதாக்கினார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ஏமாறும் இடங்கள் பளிச்சென்று தெரியும். ரைசன் 7 5700எக்ஸ்-இல் எல்3 கேஷ் 32 எம்பி. 5700எக்ஸ்3டி-யில் 96 எம்பி. கடைசியில் எழுத்து எதுவும் இல்லாத 5700-இல் 16 எம்பி மட்டும். பிராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் இணைக்கும் வழியான பிசிஐ எக்ஸ்பிரஸும் 3.0-தான். மூன்றுமே எட்டு கோர், பதினாறு த்ரெட். 'எக்ஸ்' என்பது சற்றே வேகமான வகையைக் குறிக்கும், அது இல்லாததை வாங்கினால் கொஞ்சம் மிச்சம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 5600, 5600எக்ஸ் ஜோடியில் அது சரி: இரண்டிலும் 32 எம்பி, உச்ச வேகத்தில் மட்டும் 4.4, 4.6 என்று சின்ன வித்தியாசம். 5700-இல் அது உண்மையில்லை. உள்ளே இருப்பது வேறு சிப். மடிக்கணினிக்கு வடிவமைத்த சிப்பை, கிராஃபிக்ஸ் பகுதியை அணைத்துவிட்டு, இந்தப் பெயரில் விற்கிறார்கள். ரைசன் 5 5500-உம் இதே வகைதான்: ஆறு கோர், ஆனால் 16 எம்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. 5600-க்கும் இதற்கும் விலை வித்தியாசம் மிகச் சிறியது என்றால் 5500-ஐத் தொட வேண்டாம். புதிய தளத்தில் 8400எஃப், 8500ஜி, 8600ஜி மூன்றும் 16 எம்பி வகை. 8000 என்று ஆரம்பிப்பதால் 7600-ஐவிடப் புதியது, நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு போடுபவருக்கு 7600-தான் மேல். அதிலும் 8500ஜி, கார்டுக்கு நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகளை மட்டுமே தருகிறது.

இந்தப் பாதைகளின் எண்ணிக்கை உங்கள் விஷயத்தில் உண்மையாகவே முக்கியம். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 இரண்டுமே எட்டுப் பாதை கார்டுகள், நினைவகம் 8 ஜிபி. செட்டிங்ஸைக் கூட்டி அந்த 8 ஜிபி நிரம்பிவிட்டால், மிச்சத் தகவல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக ரேமுக்கும் கார்டுக்கும் போய்வர ஆரம்பிக்கும். 3.0-இல் அந்த வழியின் அகலம் 4.0-இல் பாதி. நினைவகம் நிரம்பாதவரை வித்தியாசம் தெரியாது. நிரம்பிய கணத்தில் படம் வெட்டி வெட்டி ஓடும்.

மற்ற எழுத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'எஃப்' என்றால் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை. தனி கார்டு இருக்கும்போது அது குறையில்லை, கார்டு பழுதானால் திரையில் எதுவும் வராது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். இன்டெலில் 'கே' என்றால் ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம். அதற்கு விலை உயர்ந்த இசட் வரிசை மதர்போர்டும் பெரிய கூலரும் வேண்டும். கிடைக்கும் பலன் அந்தச் செலவுக்கு ஈடாகாது. விட்டுவிடுங்கள்.

பிராசசரின் விலையைத் தனியாக ஒப்பிடுவது இன்னொரு தவறு. பிராசசர், மதர்போர்டு, ரேம், கூலர் நான்கையும் கூட்டிய தொகைதான் உண்மையான விலை. 5600 பொருந்தும் பழைய ஏஎம்4 தளத்துக்கு டிடிஆர்4 ரேம். 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டுமே பொருந்தும். இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இரண்டு வகை ரேமையும் ஏற்கும். ஆனால் எந்த வகை என்பதை நீங்கள் வாங்கும் போர்டு தீர்மானித்துவிடும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியதால் இந்தக் கூட்டல் கணக்கு முன்பைவிட முக்கியமாகிவிட்டது. பழைய கணினியில் 16 ஜிபி டிடிஆர்4 நல்ல நிலையில் இருந்தால் அதுவே ஒரு பெரிய சொத்து. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய தளத்துக்குத் தாவும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. தளத்தின் ஆயுள். ஏஎம்4-இல் நடந்ததைப் பாருங்கள்: 2017-இல் முதல் ரைசனோடு பி350 போர்டு வாங்கிய பலர், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துவிட்டு, ஐந்தாண்டு கழித்து வந்த 5800எக்ஸ்3டி-யை அதே போர்டில் செருகினார்கள். போர்டும் மாறவில்லை, ரேமும் மாறவில்லை. என்னைப் பொறுத்தவரை, கணினி உலகில் வாங்குபவருக்குக் கிடைத்த மிக நல்ல விஷயங்களில் அது ஒன்று. ஏஎம்5-ஐயும் குறைந்தது 2027 வரை ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்று 7500எஃப் வாங்கிவிட்டு மூன்றாண்டு கழித்து, அப்போது விலை இறங்கியிருக்கும் எக்ஸ்3டி ஒன்றை அதே போர்டில் போட்டுக்கொள்ளலாம். "ஐந்தாண்டுக்குக் கவலை இல்லாமல் இப்போதே ஐ7" என்று சொன்ன நண்பருக்கு என் பதில் இதுதான்: இன்று பயன்படாத வேகத்துக்கு இன்றே பணம் கட்டுவதைவிட, தேவை வரும் நாளில் அன்றைய சிப்பை வாங்கக் கதவைத் திறந்து வைப்பது மேல். எல்ஜிஏ1700-இல் அந்தக் கதவு மூடிவிட்டது; 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட்டுக்குப் போய்விட்டது.

இன்டெல் பற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாத செய்தி ஒன்று. 13, 14-ஆம் தலைமுறையின் உயர் ரகச் சிப்கள் பல, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கி நாளடைவில் நிலைகுலைந்தன. கேம் திடீரென்று மூடிக்கொள்ளும், கேம் தொடங்கும்போது ஷேடர் (வண்ணம் தீட்டும் சிறு நிரல்) தயாராகும்போது பிழைச் செய்தி வரும். 2024-இல் இன்டெல் காரணத்தை ஒப்புக்கொண்டு மைக்ரோகோட் (சிப்பின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. எனவே ஐ7, ஐ9 வரிசையில் 13, 14-ஆம் தலைமுறையைப் பழையதாக வாங்கவே வேண்டாம். புதிதாக வாங்கினால் கணினியை எழுப்பிய முதல் நாளே பயாஸைப் புதுப்பியுங்கள். நான் சொன்ன 12400எஃப் 12-ஆம் தலைமுறை. இந்தச் சிக்கல் அதற்கு இல்லை.

ரேம் பற்றி ஒரு சம்பவம். என் அக்கா மகன் ரைசன் 5 5600 போட்ட கணினி ஒன்றை யாரிடமோ கொடுத்துப் பொருத்தி வாங்கினான். ஒரு மாதம் கழித்து, "மாமா, பிராசசர் சரியில்லை, மாற்ற வேண்டும்" என்று வந்தான். கேமில் தனியாக நடக்கும்போது எல்லாம் சரி. சந்தைக் கூட்டத்துக்குள் போனால் படம் இழுக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ரேம் பக்கத்தைப் பார்த்தேன். வேகம் 2133 என்று இருந்தது. அவன் வாங்கியதோ 3200. பெட்டியைத் திறந்தேன். நான்கு ரேம் சாக்கெட்டுகளில், பிராசசரை ஒட்டிய முதல் இரண்டில் அடுத்தடுத்து இரண்டு குச்சிகளையும் செருகியிருந்தார் பொருத்தியவர். இரண்டும் ஒரே சேனலில், அதாவது பிராசசருக்குப் போகும் ஒரே பாதையில். வண்டிக்கு இரண்டு மாடு வாங்கி, ஒன்றை மட்டும் பூட்டி ஓட்டியதைப் போல. குச்சிகளை எடுத்து, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் மாற்றிச் செருகினேன். 'டக்' என்று கொக்கி விழும் சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். பிறகு பயாஸில் நுழைந்து ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற ஒரு வரியை இயக்கினேன். ரேம் 3200-இல் எழுந்தது. அவன் அதே சந்தைக்குள் ஓடிப் பார்த்தான், இழுப்பு போய்விட்டது. மொத்த வேலை கால் மணி நேரம். ஒரு புதுப் பிராசசரின் விலை மிச்சம்.

ஆகவே எந்தப் பிராசசர் வாங்கினாலும் ரேம் இரண்டு குச்சிகளாக இருக்கட்டும். ஏஎம்4-க்கு டிடிஆர்4 3200 அல்லது 3600, சிஎல்16 (சிஎல் என்பது தாமதத்தைக் காட்டும் எண்). ஏஎம்5-க்கு டிடிஆர்5 6000, சிஎல்30 கிடைத்தால் மிகவும் நல்லது. அங்கே அந்த எக்ஸ்எம்பி வரிக்கு எக்ஸ்போ என்று பெயர். இயக்காமல் விட்டால் பெரும்பாலும் 4800-இலேயே ஓடிக்கொண்டிருக்கும். இன்டெலின் எச்610 போர்டில் ரேமை, பிராசசருக்கு இன்டெல் அறிவித்த வேகத்துக்கு மேல் ஏற்ற முடியாது. பி660, பி760-இல் முடியும்.

எக்ஸ்3டி வகைக்கு எப்போது பணம் கொடுக்கலாம்? 2023-இன் 7800எக்ஸ்3டி-யும் 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யும் கேமிங்குக்கு மிகச் சிறந்த சிப்கள். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்ற போட்டிக் கேமை 240 அல்லது 360 ஹெர்ட்ஸ் திரையில், செட்டிங்ஸைக் குறைத்து வைத்து விளையாடுபவருக்கு அவை தேவை. நகரம் கட்டும் கேம், விமானம் ஓட்டும் கேம், ஃபேக்டோரியோ போலத் தொழிற்சாலை கட்டும் கேம், பெரிய ஆன்லைன் உலகத்தில் நூறு பேர் மோதும் கேம் என்று கணக்கு மலைபோல் குவியும் வகைகளில் மணிக்கணக்காகக் கிடப்பவருக்கும் தேவை. மிக உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கும் பொருந்தும். ஆர்டிஎக்ஸ் 4060-க்குப் பக்கத்தில் 9800எக்ஸ்3டி-யை வைப்பது, ஓவியர் கூலியைப் பிடித்துக் கணக்குப்பிள்ளைக்குக் கொடுப்பதாகும். மொத்த பட்ஜெட்டை நூறு பங்காக்கினால், கிராஃபிக்ஸ் கார்டுக்கு 35 முதல் 45 பங்கு, பிராசசருக்கு 15 முதல் 20 பங்கு என்ற அளவில் நான் பிரிப்பேன். போட்டிக் கேம் மட்டுமே விளையாடுபவர் பிராசசர் பக்கம் இன்னும் ஐந்து பங்கு நகர்த்தலாம்.

கேமோடு வீடியோ எடிட்டிங், நிரல் தொகுத்தல் போன்ற வேலையும் செய்பவர் எட்டு கோருக்குப் போகலாம். அந்தச் செலவு வேலைக் கணக்கில் வரும். விளையாடிக்கொண்டே நேரலையில் ஒளிபரப்ப வேண்டும் என்பதற்காக மட்டும் கோரைக் கூட்ட வேண்டாம். இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகளில் வீடியோவைச் சுருக்குவதற்கென்று தனிப் பகுதியே இருக்கிறது.

கூலர்: 65 வாட் பிராசசர்களுக்குப் பெட்டியோடு கூலர் வந்தால் அதுவே போதும், கொஞ்சம் சத்தம் போடும். ஒற்றை விசிறிக் கோபுரக் கூலர் ஒன்று வாங்கினால் சத்தம் அடங்கும். தண்ணீர்க் கூலர் இந்த வகைக்குத் தேவையே இல்லை.

பழைய பிராசசர் வாங்குவது நல்ல சிக்கனம். பிராசசர் சும்மா தேய்ந்து போகும் பொருளல்ல. ஏஎம்4 சிப்பில் ஊசிகள் சிப்பிலேயே இருக்கும். கையில் எடுத்து, கண் மட்டத்தில் சாய்த்துப் பிடித்து, வரிசை வரிசையாகப் பாருங்கள். ஓர் ஊசி சாய்ந்திருந்தாலும் வரிசை கோணலாகத் தெரியும். ஏஎம்5-இலும் இன்டெலிலும் ஊசிகள் மதர்போர்டில் இருக்கின்றன, அங்கே பார்க்க வேண்டியது போர்டை. மிகப் பழையதில் இறங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கும் ரைசன் 2000-க்கும் முந்தைய சிப்கள் அநேகமாக இல்லை. 2017-இன் ஐ7-7700கே அந்த நாளில் ராஜாவாக இருந்தது. இன்று அடிமாட்டு விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கையில் டிடிஆர்4 ரேம் இருக்கிறதா? ரைசன் 5 5600, பி550 போர்டு, முடித்துவிடுங்கள். 4.0 பிசிஐ எக்ஸ்பிரஸ் கிடைக்கும், 144 ஹெர்ட்ஸுக்கு நீங்கள் சொன்ன கார்டைப் பெரும்பாலான கேம்களில் பட்டினி போடாது. எல்லாமே புதிதாக வாங்க வேண்டும் என்றால், நான்கு பொருளின் கூட்டுத் தொகையை ஏஎம்4-க்கும் ஏஎம்5-க்கும் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் அடுத்த படிநிலைக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் ஏஎம்4-உம் அந்தக் கார்டும். அதைவிடச் சிறிதாக இருந்தால் 7500எஃப், பி650 போர்டு, டிடிஆர்5 6000. உள்ளமைந்த கிராஃபிக்ஸும் இருக்கட்டும் என்று தோன்றினால் 7600. 9600எக்ஸ் புதியது, சற்றே வேகமும் கூட. ஆனால் உங்கள் கார்டோடு அந்த வேகம் திரையில் தெரியாது. 7600-இன் விலைக்கே கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

பொருத்தி முடித்த அன்றே பயாஸைப் புதுப்பித்து, எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி-யை இயக்கி, டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகத்தைச் சரிபாருங்கள். திரை 144 ஹெர்ட்ஸில்தான் ஓடுகிறதா என்று விண்டோஸ் செட்டிங்ஸில் பாருங்கள். பலர் 60-இலேயே விட்டுவிடுகிறார்கள். பிறகு நீங்கள் வழக்கமாக விளையாடும் கேமில், பழைய கணினியில் நின்ற அதே கூட்டமான இடத்தில் போய் நின்று, தாளில் எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.